மலைமுகட்டிலிருந்து கூடுதுறை வரை: நீர் செல்லும் வழியே ஒரு பயணத் திட்டம்

நம் கிராம மக்களுக்குப் பயணம் புதிதன்று. பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம். ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரைக்குப் போகிறோம். கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறோம். ஆனால் பயணம் என்றவுடன் போய்ச் சேரும் ஊர்தான் நம் நினைவிற்கு வருகிறதேயன்றி, போகும் வழி நினைவிற்கு வருவதில்லை. வண்டியில் ஏறியதும் உறங்கி, இறங்கியதும் விழித்துக்கொள்கிறோம். வழியெங்கும் விரிந்து கிடக்கும் பாடங்களைப் படிக்காமலே திரும்பிவிடுகிறோம்.

உழவனுக்கு ஏற்ற பயணம் எது? மழை விழும் இடத்தில் தொடங்கி, அந்த மழை ஓடையாகி, ஆறாகி, அணையில் தங்கி, வாய்க்காலில் பாய்ந்து, எஞ்சியது பேராற்றில் கலக்கும் இடத்தில் முடிவதே அவனுக்கு ஏற்ற பயணம். தன் வயலின் மடையில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது, வழியில் யார் யார் கையைக் கடந்து வருகிறது என்பதை ஒருமுறை கண்ணால் கண்டவன், பிறகு நீரை வேறு விதமாகப் பார்ப்பான். கண்ணுக்கு இனிய காட்சியும் கருத்துக்கு வேண்டிய கல்வியும் ஒருங்கே கிடைக்கும் இத்தகைய வழி ஒன்று நம் மாநிலத்திலேயே உண்டு. உதகமண்டலத்தில் தொடங்கி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம், பவானிசாகர், கொடிவேரி, கோபிசெட்டிப்பாளையம் வழியாகப் பவானிக் கூடுதுறையில் முடியும் வழியே அது. இதனை இரண்டு நாள்களில் எவ்வாறு திட்டமிட்டு நடத்தலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காலமும் முன்னேற்பாடும்

மலைப் பயணம் என்றால் சித்திரை, வைகாசி மாதங்களே பலருக்கும் நினைவிற்கு வரும். அக்காலத்தில் மலைச்சாலைகளில் வண்டிகள் நெருங்கி நிற்கும். தங்குமிடத்தின் வாடகையும் உயர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலமோ மண்சரிவு நேரும் காலம். 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையால் நீலகிரியில் மண் சரிந்து, பலர் உயிரிழந்ததை நாம் மறப்பதற்கில்லை. ஆகவே தை மாதத்தின் பிற்பாதியோ மாசி மாதத்தின் முற்பாதியோ இப்பயணத்திற்கு ஏற்றது. வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மலையில் காரட், பீட்ரூட், முட்டைக்கோசுத் தோட்டங்களைக் காணலாம். சமவெளியில் மஞ்சள் அறுவடை நடைபெறும். கீழ்பவானி வாய்க்காலில் இரண்டாம் போகத்திற்கு நீர் விடும் பருவமும் அதுவே. எனினும் நீரை இடைவிட்டு முறைவைத்து விடுவார்களாதலால், வாய்க்காலில் நீர் ஓடும் நாள்களை நீர்வளத்துறையினரிடம் முன்னதாகக் கேட்டறிந்து, அதற்கேற்ப நாளைக் குறிப்பது நன்று.

செலவைப் பயணம் செய்வோரே பங்கிட்டுக்கொள்வது பூசலுக்கு இடமில்லாத வழி. வேளாண்மைத் துறையின் அட்மா திட்டத்தில் உழவர்களைக் கண்டுணர் சுற்றுலாவிற்கு அழைத்துச் செல்ல வகை செய்யப்பட்டுள்ளது. எனவே வட்டார வேளாண்மை உதவி இயக்குநரை அணுகி, அத்திட்டத்தில் இடமுண்டா என்று கேட்டுப் பார்க்கலாம். குழுவில் முப்பது பேருக்கு மேல் வேண்டா. அவர்களுள் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருத்தல் நலம். வயலில் களையெடுப்போரும் நாற்று நடுவோரும் அவர்களே. நீர் வராத நாளில் குடத்தைச் சுமப்போரும் அவர்களே. அவர்களை வீட்டில் விட்டுவிட்டு நீரைப் பற்றிப் படிக்கப் போவது பொருந்தாது.

நீலகிரிக்குச் செல்லும் வெளிமாவட்ட வண்டிகளுக்கு, உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் இ-பாஸ் பெறும் முறை நடைமுறைக்கு வந்தது. புறப்படும் முன் அப்போதுள்ள விதிகளைக் கேட்டு, உரிய பதிவைச் செய்துகொள்ள வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு அங்கே தடை உண்டு. ஆதலால் குடிநீரைப் பாத்திரங்களிலும் உலோகக் குடுவைகளிலும் எடுத்துச் செல்வதும், சாப்பாட்டிற்கு வாழை இலையைக் கொண்டு செல்வதும் அவசியம். சமவெளியைவிட உதகையில் வெப்பம் ஏறத்தாழ பன்னிரண்டு டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்கும். தை மாத விடியலில் உறைபனியும் படியும். எனவே முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கம்பளி ஆடை இன்றியமையாதது.

மேலே ஏறும் நாள்

பயணத்திற்கு முந்திய நாள் மாலைக்குள் உதகையை அடைந்து, இரவு அங்கே தங்க வேண்டும். ஏறுவதற்குக் குன்னூர்ச் சாலையையும் இறங்குவதற்குக் கோத்தகிரிச் சாலையையும் கொள்வது ஏற்றது. கோடைக்கால நெரிசலில் காவல்துறையினரே இவ்வாறு ஒருவழிப் போக்குவரத்தாக நடத்துவதுண்டு.

மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும், குன்னூர்ச் சாலையின் அடிவாரத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. ஊராட்சி மன்றத்தினர் அறிந்திருக்க வேண்டிய ஊர் அது. 2006ஆம் ஆண்டில் இவ்வூராட்சி, வங்கிக் கடன் பெற்று, காற்று வளமுள்ள வேற்றிடத்தில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலையொன்றை நிறுவியது. அம்மின்சாரத்தை மின்வாரியத்திற்கு அளித்து, கடனையும் அடைத்து, ஊராட்சிக்கு வருவாயும் தேடிக்கொண்டது. சிறிய ஊராட்சியும் துணிந்து திட்டமிட்டால் என்ன செய்ய முடியும் என்பதற்கு இது சான்று. இங்கே அரை மணி நேரம் நிற்பது வீணாகாது.

அடிவாரத்திலிருந்து மேலே செல்லும் மலை இரயிலையும் வழியில் பல இடங்களில் காணலாம். 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் அமைந்த அப்பாதையில், தண்டவாளங்களின் நடுவே பற்சட்டம் பதித்து, அதைப் பற்றிக்கொண்டு வண்டி ஏறுகிறது. 2005இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது.

முதல் நாள்: நீர் பிரியும் முகடு

காலை எட்டு மணியளவில் உதகையிலிருந்து கோத்தகிரிச் சாலையில் புறப்பட வேண்டும். சிறிது தொலைவில் பிரியும் கிளைச்சாலை தொட்டபெட்டா சிகரத்திற்குச் செல்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம் இது. உயரம் 2,637 மீட்டர். காட்சி காண வருவோர் இங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். நாம் பார்க்க வேண்டியது வேறு. இது நீர் பிரியும் முகடு. இங்கே வடசரிவில் விழும் மழை, சீகூர்ப் பள்ளத்தாக்கின் வழியே மாயாற்றை அடைகிறது. தென்சரிவில் விழும் மழை, குன்னூர் ஆற்றின் வழியே மேட்டுப்பாளையத்தின் அருகே பவானியை அடைகிறது. அருகருகே விழுந்த இரண்டு துளிகள் மலையைச் சுற்றிக்கொண்டு வெவ்வேறு வழியே இறங்கி, பவானிசாகர் அணையில் மீண்டும் ஒன்றுசேர்கின்றன. மறுநாள் அந்த அணையைக் காணும்போது இந்த முகட்டை நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கிருந்து கோத்தகிரி வரையில் சாலையின் இருமருங்கிலும் காய்கறித் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் மாறிமாறி வரும். சரிவில் உள்ள நிலத்தைக் கூர்ந்து பாருங்கள். சரிவின் குறுக்கே படிப்படியாகத் தளம் வெட்டிப் பயிரிட்ட நிலத்தில் மழைநீர் நின்று ஊறுகிறது. சரிவின் வாக்கிலேயே பாத்தி பிடித்த நிலத்தில் நீர் மண்ணையும் வாரிக்கொண்டு ஓடுகிறது. அந்த மண் எங்கே போகிறது? ஓடைக்குப் போய், ஆற்றுக்குப் போய், முடிவில் அணையின் அடியில் வண்டலாகப் படிகிறது. மலை உழவன் இழப்பது தன் நிலத்தின் சாரத்தை. சமவெளி உழவன் இழப்பது தன் அணையின் கொள்ளளவை. இருவருக்கும் நட்டம் தரும் இக்கேட்டைத் தடுப்பதற்கு வழி காண, உதகையில் மண்வள, நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1954ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. முன்கூட்டி எழுதி அனுமதி பெற்றால், முந்திய நாள் மாலை அந்நிலையத்தையும் கண்டு வரலாம்.

கோத்தகிரி, உதகையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், 1,790 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீலகிரியில் சிறு தேயிலை விவசாயிகள் தங்களுக்கெனக் கூட்டுறவுத் தொழிற்சாலைகளை அமைத்துக்கொண்டுள்ளனர்; அவற்றின் இணையமான இன்கோசர்வ் 1965இல் தோன்றியது. பறித்த பச்சைத் தேயிலை சில மணி நேரத்தில் ஆலைக்குச் சேர வேண்டும். இல்லையேல் தரம் குன்றும். எனவே சாலை கெட்டால் விலையும் கெடும். நம் ஊரில் கரும்பிற்கும் பாலுக்கும் உள்ள நிலைமையே அங்கே தேயிலைக்கும் உள்ளது.

கோத்தகிரியிலிருந்து 18 கிலோமீட்டர் கிழக்கே கோடநாடு காட்சிமுனை இருக்கிறது. இப்பயணத்தின் மிகச் சிறந்த காட்சி இதுவே. கால்களின் கீழே மலை செங்குத்தாக இறங்கிவிட, ஆழத்தில் மாயாறு வெள்ளிக் கம்பிபோல் வளைந்து செல்லும். அதன் கரையில் பசுந்துண்டாகத் தெரியும் ஊர் தெங்குமரஹாடா. உணவுப் பற்றாக்குறை நிலவிய 1940களின் இறுதியில், உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கூட்டுறவுப் பண்ணைச் சங்கம் அமைத்துக் குடியேறியவர்களின் ஊர் அது. வானம் தெளிவாயிருந்தால் கிழக்கே பவானிசாகரின் நீர்ப்பரப்பும் தெரியும். நாளை நாம் போகும் இடத்தை இன்றே மேலிருந்து பார்த்துக்கொள்கிறோம். பகலேறினால் மூடுபனி சூழ்ந்து காட்சியை மறைத்துவிடுவதுண்டு. ஆதலால் நண்பகலுக்கு முன்பே இங்கு வந்துவிட வேண்டும்.

இறக்கத்தில் கவனம்

கோத்தகிரியில் உணவு முடித்து, மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். மேட்டுப்பாளையம் இங்கிருந்து ஏறத்தாழ 34 கிலோமீட்டர். இத்தொலைவிற்குள் சாலை 1,400 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்தானது என்பதை எல்லோரும் உணர வேண்டும். தொடர்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பிறகு எவ்வளவு அழுத்தினும் வண்டி நில்லாது. ஆகவே எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும்; எஞ்சினே வண்டியை அடக்கும், பிரேக்கிற்கு வேலை குறையும். எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை விடுவித்து வண்டியை உருள விடுவது உயிருக்கு உலை வைக்கும் செயலாகும். குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால், மேலேறும் வண்டிக்கே முதலில் வழி விட வேண்டும் என்பது மலைச்சாலையின் விதி.

மலைச்சாலையில் பழகிய ஓட்டுநரையே அமர்த்துங்கள். பிரேக், டயர், முகப்பு விளக்கு ஆகியவற்றைப் புறப்படும் முன் சோதிக்கச் செய்யுங்கள். வாடகை சற்றுக் குறைகிறதென்று தேய்ந்த டயருள்ள வண்டியை ஏற்பது சிக்கனமன்று. வண்டிக்குள் ஆடல் பாடல் என்று ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கலாகாது. வளைவுகளில் தலைசுற்றல் உள்ளவர்கள் வயிறு நிறைய உண்ணாமல், முன் இருக்கையில் அமர்ந்து தொலைவில் நோக்கி வந்தால் துன்பம் குறையும். வழியில் யானைகள் கடக்க நேர்ந்தால் தொலைவிலேயே வண்டியை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். ஒலியெழுப்புவதும் இறங்கிப் படமெடுப்பதும் கூடா.

மாலையில் மேட்டுப்பாளையம் சேர்ந்து அங்கேயே தங்கலாம். மலையில் விளைந்த உருளைக்கிழங்கும் காய்கறிகளும் விலையாகும் பெருஞ்சந்தை இங்கே உள்ளது. விளைவிக்கும் இடத்தில் ஒரு விலையும் சந்தையில் மற்றொரு விலையும் இருப்பதற்குக் காரணம் என்னவென்று வியாபாரிகளிடமும் உழவர்களிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் நாள்: அணையும் வாய்க்காலும்

காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டு, சிறுமுகை, புளியம்பட்டி வழியாகப் பவானிசாகரை அடையலாம். பவானியும் மாயாறும் கூடுமிடத்தில் 1948இல் தொடங்கி 1955இல் முடிக்கப்பட்ட கீழ்பவானி அணை இங்கே உள்ளது. விடுதலை பெற்ற நாட்டின் தொடக்ககாலப் பெரும் பாசனத் திட்டங்களுள் இதுவும் ஒன்று. ஏறத்தாழ எட்டே முக்கால் கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வணையின் பெரும்பகுதி மண்ணாலேயே ஆனது. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அணையின் மேலே செல்வதற்கு முன்னனுமதி வேண்டும். அது கிட்டாவிடின் பூங்காவிலிருந்தே அணையைக் கண்டு மகிழலாம்.

இங்கிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளமுடையது. 2,07,000 ஏக்கர் நிலத்திற்குப் பாசனம் தருவது. இவ்வளவு நிலத்திற்கும் ஒரே சமயத்தில் நெல்லுக்கு நீர் தர இயலாது. ஆகவே நிலத்தை இரு பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதியான 1,03,500 ஏக்கருக்கு முதல் போகத்தில் நெல்லுக்கு நீர். மறு பாதிக்கு இரண்டாம் போகத்தில் நிலக்கடலை, எள் முதலிய புன்செய்ப் பயிர்களுக்கு நீர். அடுத்த ஆண்டில் முறை மாறும். சென்ற ஆண்டு நெல் கண்டவன் இவ்வாண்டு கடலை காண்பான். பற்றாக்குறையையும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது.

இருப்பினும் இங்கே வழக்கே இல்லையென்று எண்ண வேண்டா. வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் இட்டால்தான் கடைமடைக்கு நீர் சேரும் என்பர் ஒருசாரார். கசிவு நீரால்தான் எங்கள் கிணறுகள் ஊறுகின்றன, அதை அடைத்தால் கிணறும் குடிநீரும் வற்றும் என்பர் மறுசாரார். இரு பக்கத்து உழவர்களையும் சந்தித்து, இருவர் சொல்லையும் பொறுமையாகக் கேளுங்கள். தலைமடையில் நின்று பார்க்கும்போது ஒன்று நியாயமாகத் தோன்றும்; கடைமடையில் நின்று பார்க்கும்போது மற்றொன்று நியாயமாகத் தோன்றும். ஊராட்சியில் அமர்ந்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லும் நமக்கு, இரண்டு இடத்திலும் நின்று பார்க்கும் பழக்கம் மிகவும் வேண்டும்.

நண்பகலில் சத்தியமங்கலத்தைக் கடந்து கொடிவேரியை அடையலாம். அணைக்கட்டின் மேல் வழிந்து விழும் நீர் நீண்ட அருவிபோல் காட்சி தரும். பவானிசாகருக்குப் பன்னெடுங்காலம் முற்பட்ட அணைக்கட்டு இது. இதிலிருந்து பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் ஏறத்தாழ 24,500 ஏக்கருக்கு நீர் தருகின்றன. கோபிசெட்டிப்பாளையத்தைச் சூழ்ந்துள்ள பசுமைக்கு இவையே காரணம். இங்கே குளிப்போர் காவலர் அனுமதித்த இடத்தில் மட்டும் குளிக்க வேண்டும். பாறைகள் வழுக்கும், மேலணையில் நீர் திறந்தால் ஆற்றின் வேகம் திடீரென்று மிகும். இவ்விடத்தில் குழந்தைகளைக் கைவிட்டு அகலக் கூடாது.

கோபியிலிருந்து கவுந்தப்பாடி வழியே செல்லும் சாலையில் மஞ்சள் வயல்களும் கரும்பாலைகளும் வரும். பழனிக் கோயிலின் பஞ்சாமிர்தத்திற்கு நாட்டுச் சர்க்கரை தரும் ஊர் கவுந்தப்பாடி. இப்பகுதியில் விளையும் ஈரோட்டு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது.

முடிவிடம்: பழையதும் புதியதும்

மாலை நான்கு மணியளவில் பவானிக்கு அருகிலுள்ள காலிங்கராயன் அணைக்கட்டை அடைவோம். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னர், அதன் கடைசி நீரையும் திருப்பி வயலுக்குக் கொண்டுபோக, 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டிய அணைக்கட்டு இது. இதன் வாய்க்கால் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து சென்று நொய்யலைச் சேர்கிறது. தன் குடும்ப நன்மைக்காகவே வாய்க்கால் வெட்டினான் என்று சிலர் பழி கூற, அந்நீரைத் தானும் தன் வழியினரும் பயன்படுத்துவதில்லை என்று உறுதி பூண்டு அவன் ஊரை விட்டே அகன்றான் என்பது வழிவழியாக வழங்கும் செய்தி. பொதுப்பணியில் இருப்போர் நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி இது.

அந்த அணைக்கட்டிற்கு அருகிலேயே இன்றைய காலத்துப் பணியும் நிற்கிறது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் செயலுக்கு வந்த அத்திக்கடவு–அவினாசித் திட்டம், அணைக்கட்டிற்குக் கீழே மிகையாக வழியும் 1.5 டி.எம்.சி. நீரை நீரேற்று நிலையங்கள் வழியாக உயர்த்தி, ஈரோடு, திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்காக அமைந்தது. அவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர்க் குட்டைகள். எவ்வளவு பெரிய குழாய் வந்தாலும், குட்டையில் சீமைக்கருவேலம் மண்டி, வரத்து அடைபட்டு, கரை உடைந்து கிடந்தால் நீர் எங்கே தங்கும்? அரசு நீரைக் கொண்டுவந்து சேர்க்கலாம். அதை ஏந்தும் பாத்திரத்தைத் துலக்கி வைப்பது ஊராரின் கடமை.

பின்னர் கூடுதுறைக்குச் சென்று, பவானி காவிரியோடு கலப்பதைக் காணுங்கள். தொட்டபெட்டாவில் பிரிந்த இரு துளிகளும் இங்கே காவிரியாகிக் கீழே தஞ்சைத் தரணியை நோக்கிச் செல்கின்றன. பவானி ஜமுக்காளம் நெய்யும் தறிகளையும் நேரமிருந்தால் கண்டு திரும்பலாம்.

ஊர் திரும்பிய பின்

பயணம் வீடு வந்து சேர்வதோடு முடிவதில்லை. குழுவில் எழுதத் தெரிந்த இருவர், சென்ற இடமெல்லாம் குறிப்பெடுக்க வேண்டும். மாசியில் சென்று வந்தால், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளன்று கூடும் கிராம சபையில் அக்குறிப்பைப் படிக்கலாம். அத்துடன் நிற்காமல் மூன்று கேள்விகளுக்கு அச்சபையில் விடை காணுங்கள். நம் ஊரில் விழும் மழை எந்தக் குட்டைக்குப் போகிறது? அதன் வரத்துவாய்க்கால் இன்று திறந்திருக்கிறதா, அடைபட்டிருக்கிறதா? நமக்குக் கீழுள்ள ஊருக்கு நாம் எவ்வளவு நீரை, எவ்வளவு மண்ணை அனுப்புகிறோம்?

இந்த மூன்றிற்கும் விடை கண்டு, ஒரு குட்டையையேனும் அடுத்த மழைக்கு முன் தூர்வாரினால், செலவழித்த பணம் வட்டியோடு திரும்பிவிட்டது என்று கொள்ளலாம்.